ஒரே எண்ணில் முப்பத்தொரு புகார்

செரோக் எஸ்டேட், மேல் லயம்
7 அக்டோபர் 2024

உமா,

சுகமா என்று கேட்டுத் தொடங்குகிற கடிதம் இல்லை இது. எனக்கு ஃபோன் செய்யாதே. என் ஃபோன் எங்கள் மேனேஜர் துரையின் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. விசாரணை முடியும்வரை அங்கேதான் இருக்குமாம். அதனால்தான் காகிதம். கோசு ஏற்றிக்கொண்டு தானா ராத்தாவுக்கு வரும் ஹரிதாஸின் லோரியில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் அவனிடமே கொடு. வாய் இறுக்கமான ஆள்.

வெள்ளிக்கிழமை துரை தன் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். திரையில் உங்கள் உலு செரோக் வட்டார மன்றத்தின் இணையத்தளம். நீ இரண்டு வருடமாகக் கட்டிக்கொண்டிருக்கிறாயே, அதேதான். அதில் புகார்ப் பக்கம். எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து மட்டும் முப்பத்தொரு புகார்கள். குப்பை லோரி வருவதில்லை, விளக்கு எரிவதில்லை, நாய்த் தொல்லை, கக்கூஸ் கதவு உடைந்து கிடக்கிறது. ஒன்பதாம் வீட்டிலிருந்து பன்னிரண்டாம் வீடுவரை பின்பக்க மலைச்சரிவில் பிளவு, படத்தோடு. முப்பத்தொன்றுக்கும் கீழே புகார் செய்தவர் ஒரே ஆள்: குகனேஸ்வரன், எஸ்டேட் கிராணி.

துரை ஈப்போக்காரர், நம் ஆள்தான். கோபம் முற்றினால்தான் ஆங்கிலத்துக்குப் போவார். அன்றைக்குத் தமிழிலேயே சிரித்துக்கொண்டு கேட்டார். "என்னா மிஸ்டர் குகன், யூனியன் தலைவராகப் போறீங்களா? சொல்லியிருந்தா மாலை வாங்கி வெச்சிருப்பேன்லா." அந்தச் சிரிப்புக்கு அவர் திட்டியிருக்கலாம்.

பதினைந்து வருடமாக இந்த ஆபீசில் கிராணியாகக் கணக்கு எழுதுகிறேன். யாருக்கும் எதிராக ஒரு வரி எழுதியதில்லை. யாரோ என் பெயரில் விளையாடியிருக்கிறார்கள். யார் என்று பார்த்துச் சொல். வேலை போனால் வீடும் போகும், இது எஸ்டேட் வீடு. மகள் யுவனேஸ்வரிக்கு ஜனவரியில் எஸ்பிஎம் இறுதிப் பரீட்சை. உன் அண்ணி வெள்ளிக்கிழமையிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

குகன்

*

தானா ராத்தா
9 அக்டோபர்

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை ஆபீஸ் படிக்கட்டில் நின்றே படித்தேன். சிஸ்டத்தில் ஏதோ கோளாறு இருக்க வேண்டும். பார்க்கிறேன். கொஞ்சம் அவகாசம் கொடுங்கள்.

இந்தத் தளத்தோடு நான் படுகிற பாடு உங்களுக்கு முழுதாகத் தெரியாது. முதல் வருடம் அதில் தலைவரின் படமும் டெண்டர் அறிவிப்பும்தான் இருந்தன. ஒரு நாளைக்கு ஒன்பது பேர் பார்ப்பார்கள், அதில் ஐந்து பேர் எங்கள் ஆபீஸ் ஆட்கள். பிறகு தமிழ்ப் பக்கம் திறந்தேன். தண்ணீர் வராத நாள் பட்டியல் போட்டேன். யாரோ கேட்டார்கள் என்று இரங்கல் செய்திக்கு ஒரு பக்கம் ஒதுக்கினேன். அதற்குப் பிறகுதான் கூட்டமே வந்தது. பிரிஞ்சாங் பூக்கடைக்காரர்கள்கூடக் காலையில் முதலில் அதைத்தான் திறக்கிறார்களாம்.

தலைவர் ஒரே வார்த்தையாகச் சொல்லிவிட்டார், தீபாவளிக்குள் ஐந்நூறு உறுப்பினர், அப்போதுதான் திறப்பு விழா என்று. ஆகஸ்ட்டில் இருந்ததோ முந்நூற்றுச் சொச்சம். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் லயம் லயமாக ஏறி இறங்கினேன். உங்கள் லயத்துக்கும் வந்தேன், நீங்கள்தான் டீ கொடுத்தீர்கள். அக்டோபர் ஒன்றாம் தேதி புகார்ப் பக்கத்தைப் பொதுப் பார்வைக்குத் திறந்தார்கள். அதில்தான் எங்கோ குழம்பியிருக்கிறது.

ஒன்று கேட்கிறேன். அந்தச் சரிவில் பிளவு இருப்பது உண்மையா? நீங்கள் பார்த்தீர்களா?

அண்ணியைச் சாப்பிடச் சொல்லுங்கள்.

உமா

*

மேல் லயம்
11 அக்டோபர்

உமா,

சிஸ்டமா? கோளாறா? நான் கிராணி. எழுத்தைப் பார்த்தாலே எது பொய் என்று சொல்லிவிடுவேன்.

நேற்று வேலை முடிந்ததும் ஒவ்வொரு வீடாகப் போனேன். பன்னிரண்டாம் வீட்டு வடிவம்மாளிடம் கேட்டேன், அந்தப் பிளவுப் புகார் யார் கொடுத்தது என்று. கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னாள். "நாந்தான் தம்பி. ஒந்தங்கச்சிதான் ஆளுக்கு ஒரு கொற சொல்லுங்கன்னு கேட்டு எழுதிக்கிச்சு. ஃபோன் நம்பர் என்னான்னுச்சு. எனக்கு ஏது ஃபோன்? கிராணி நம்பரப் போட்டுக்கம்மான்னேன். சரிக்கான்னுச்சு."

எல்லா வீட்டிலும் இதே பேச்சு. ஃபோன் வைத்திருக்கிறவர்கள்கூட என் எண்ணைத்தான் கொடுத்திருக்கிறார்கள், லயத்தில் லைன் கிடைக்காது, ஆபீசில்தான் கிடைக்கும் என்று. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. கிளினிக் கார்டு, பள்ளிக்கூடப் பாரம், பேங்க் புத்தகம், எதில் கேட்டாலும் இந்த லயம் என் எண்ணைத்தான் சொல்லும். அழைப்பு வந்தால் நான் ஓடிப்போய், "ஒங்களுக்கு வியாழக்கிழமை ஊசி" என்று சொல்லிவிட்டு வருவேன். நீ இதே லயத்தில் வளர்ந்தவள். உனக்கு இது தெரியும். தெரிந்துதான் தட்டியிருக்கிறாய்.

நான் ஊற்றிக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு என் கழுத்தில் முப்பத்தொரு கல்லைக் கட்டிவிட்டுப் போயிருக்கிறாய். அத்தனையையும் அழி. நாளைக்கே அழி.

குகன்

*

தானா ராத்தா
14 அக்டோபர்

அண்ணனுக்கு,

பொய்தான் சொன்னேன். பயத்தில் சொன்னேன். முதல் கடிதம் வந்த அன்றே எனக்குப் புரிந்துவிட்டது.

உங்கள் எஸ்டேட்டில் முதல் உறுப்பினர் நீங்கள். பெருமையாக நானே சேர்த்தேன். அதற்குப் பிறகு நாற்பத்து மூன்று பேருக்கு உங்கள் எண்ணைத் தட்டினேன். ஒவ்வொரு முறையும் திரை கேட்டது, இந்த எண் ஏற்கெனவே பதிவில் உள்ளது, தொடரலாமா என்று. ஒவ்வொரு முறையும் தொடர் என்று அழுத்தினேன். உறுப்பினர் கணக்கில் தனித்தனியாக எண்ணினாலும், புகார்ப் பக்கத்தில் ஒரே எண் என்றால் முதலில் பதிந்த பெயரைத்தான் தளம் காட்டும். எனக்கு அது தெரியும். விழா முடிந்த பிறகு பிரித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். புகார் எழுதினால் 'செயல்படும் உறுப்பினர்' என்று கணக்காகும் என்பதற்காகத்தான் ஆளுக்கொரு குறை கேட்டேன். என்னை நீங்கள் எவ்வளவு திட்டினாலும் தகும்.

ஆனால் அழிக்க முடியாது, அண்ணே. பதிந்த புகாரை ஊழியர் அழிக்கக் கூடாது. வேண்டுமானால் அவரவர் கையெழுத்துப் போட்டுத் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம், இல்லை திரும்பப் பெறலாம். அதற்கு அச்சடித்த முப்பத்தொரு பாரத்தை ஹரிதாஸ் அண்ணனிடம் தந்திருக்கிறேன்.

மலைச்சரிவுப் புகாரை மட்டும் யாரும் திரும்பப் பெற வேண்டாம் என்று சொல்லுங்கள். இருபத்தொன்பதாம் தேதி பொறியாளர்கள் வருவதாக ஏற்பாடு ஆகியிருக்கிறது. புகார் போனால் அந்த ஏற்பாடும் போய்விடும். அன்றைக்கு அவசரத்தில் எடுத்த படத்தை இப்போது பெரிதாக்கிப் பார்த்தேன். வடிவம்மாள் அக்கா குடையைப் பிளவுக்குள் செருகிக் காட்டுகிறார். பாதிக் குடை உள்ளே இருக்கிறது.

நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டிருந்தேன். பதில் இல்லை.

உமா

*

மேல் லயம்
18 அக்டோபர்

உமா,

பாரங்களை எடுத்துக்கொண்டு நான்கு நாள் வீடு வீடாக ஏறினேன். என் பெயரை நானே பிச்சை கேட்டு வாங்குகிற மாதிரி இருந்தது. பதினேழு பேர் தங்கள் பெயரில் கையெழுத்துப் போட்டார்கள். விளக்கு, குப்பை, நாய், அதில் யாருக்கும் ஆபத்தில்லை. பதினொரு பேர் வேண்டாம் என்று திரும்பப் பெற்றுவிட்டார்கள். இரண்டு பேர் புகாரே கொடுக்கவில்லை என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்கள். அவர்களுடையதும் வாபஸ்.

மிச்சம் ஒன்று. வடிவம்மாள் பேனாவைத் தொடவே இல்லை. "எம்மக குமுதா கொழுந்து பறிக்கிறதாலதான் இந்த வீடு. நான் கையெழுத்துப் போட்டா நாளைக்கே அவள வேலைய விட்டுத் தூக்கிருவாங்க. ஒனக்குக் கோடி புண்ணியம் தம்பி, என்னை விட்டுரு." கையெடுத்துக் கும்பிட்டாள். என்னைவிட மூத்தவள் கும்பிட்டால் நான் என்ன செய்வேன்?

ஆக, மலைச்சரிவு மட்டும் என் பெயரில் நிற்கிறது. துரைக்கும் மற்ற முப்பது பற்றிக் கவலையே இல்லை என்று இப்போதுதான் தெரிகிறது. அவருக்கு இந்த ஒன்றுதான். நேற்றுக் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். "ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க குகன், தவறுதலா பதிவாயிடுச்சின்னு. அதோட முடிஞ்சிச்சு. ஃபோன எடுத்துக்கிட்டுப் போங்க. மலைய மழைக்காலம் முடிஞ்சதும் கம்பெனி ஆளே வந்து பாப்பாங்கலா."

எழுதிக் கொடுக்கப் போகிறேன். அதற்கு முன் நீ உன் பக்கத்தில் செய்ய வேண்டியதைச் செய். எனக்கு இருப்பது ஒரு வேலை, ஒரு வீடு, பரீட்சைக்குப் படிக்கிற ஒரு பெண்.

குகன்

*

தானா ராத்தா
21 அக்டோபர்

அண்ணனுக்கு,

அந்தப் புகாரை என் பெயருக்கு மாற்றிப் பார்த்தேன். தளம் ஏற்கவில்லை. மன்ற ஊழியர் புகார் கொடுக்க முடியாது என்று நானே எழுதி வைத்த விதி. என் மேலதிகாரி புவான் நோர்லியாவிடம் போய் முழுக்கதையையும் சொன்னேன். அங்கே குடியிருக்கிற ஒருவர் பெயர் கட்டாயம் வேண்டும் என்றார். வேறு வழி இருந்தால் நான் அவர் காலில்கூட விழுந்திருப்பேன்.

வாபஸ் பொத்தான் என் திரையில் இருக்கிறது. உங்கள் கையெழுத்து வந்தால் அழுத்த வேண்டியவள் நான்தான். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அடுத்த வாரப் பட்டியலைப் பூட்டிவிடுவார்கள். அதற்குள் நீங்கள் வேண்டாம் என்று எழுதினால் அழுத்திவிடுகிறேன். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டேன். உங்கள் வீட்டை இந்த நிலைக்குக் கொண்டுவந்தவள் நான், பேச எனக்கு வாயில்லை.

ஆனாலும் பேசுகிறேன். இங்கே மூன்று நாளாக விடாத மழை. ஆபீஸ் ஜன்னலில் தண்ணீர் வழிவதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் குடைதான் கண்ணில் நிற்கிறது. ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு, நான்கு வீட்டிலும் சேர்த்து பத்தொன்பது பேர். பதிவு செய்தவள் நான், எல்லார் வயதும் எனக்குத் தெரியும். பத்தாம் வீட்டுக் குழந்தைக்கு ஏழு மாதம்.

மூன்றாவது முறையாகக் கேட்கிறேன். எல்லாவற்றுக்கும் பதில் எழுதுகிறீர்கள், இதற்கு மட்டும் ஏன் எழுதுவதில்லை? அந்தப் பிளவை நீங்கள் பார்த்தீர்களா, இல்லையா?

உமா

*

மேல் லயம்
24 அக்டோபர்

உமா,

பார்த்தேன். ஜூலையிலேயே பார்த்தேன்.

மாதாமாதம் லயத்து வீடுகளின் நிலை பற்றித் தலைமையகத்துக்கு ஓர் அறிக்கை போகும். எழுதுவது நான். ஜூலையில், சரிவில் பிளவு, உடனே கவனிக்க வேண்டும் என்று எழுதினேன். துரை படித்துவிட்டுச் சொன்னார், "இத இப்படியே அனுப்புனா நாலு வீட்டையும் காலி பண்ணச் சொல்வாங்க. ஆள எங்க கொண்டுபோய் வெக்கிறது? கொஞ்சம் பாத்து எழுதுங்க." பார்த்து எழுதினேன். ஆகஸ்ட்டில் சிறு வெடிப்பு என்று எழுதினேன். செப்டம்பரில் நல்ல நிலை என்றே எழுதிவிட்டேன். மூன்றின் கீழும் என் கையெழுத்து. மனிதனுக்குக் கை எவ்வளவு சீக்கிரம் பழகிவிடுகிறது!

நீ என் எண்ணைத் தட்டியதற்கு உன்மேல் பாய்ந்தேன். நான் செய்ததை யார்மேல் போடுவது?

நேற்றுச் சாயங்காலம் வடிவம்மாளின் குடையை வாங்கிக்கொண்டு சரிவுக்கு ஏறினேன். கைப்பிடிவரை உள்ளே போய்விட்டது. இன்று காலை பெரட்டு வரிசையில், எல்லாரையும் பெயர் கூப்பிட்டு முடித்த பிறகு, துரை மோட்டாரில் வந்து இறங்கினார். எல்லார் முன்னாலும் கேட்டார். "லெட்டர் ரெடியா?"

"லெட்டர் இல்ல சார். அந்தப் புகார் நான் குடுத்ததுதான்."

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் சொல்லல சார். ஜூலையிலேயே கண்ணால பாத்தேன். ஒங்களுக்கும் தெரியும்."

அப்புறம் அவர் ஆங்கிலத்துக்குப் போய்விட்டார். சுருக்கமாகச் சொன்னால், மாதக் கடைசியோடு வேலை இல்லை, நவம்பர் முப்பதுக்குள் வீட்டுச் சாவி. குமுதா தலைகுனிந்துகொண்டாள். மற்றவர்களும் கூடையை மாட்டிக்கொண்டு மலை ஏறிவிட்டார்கள். பயமாக இருந்தது உமா, இப்போதும் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து உன் அண்ணியிடம் சொன்னேன். தவமலர் அழவில்லை. "ஜூலையிலேயே சொல்லியிருக்கலாம்ல?" என்று மட்டும் கேட்டாள்.

வாபஸ் பொத்தானை அழுத்தாதே. என் பெயரை எடுக்காதே. இப்போதுதான் அது சரியான பெயர்.

அண்ணன்

*

தானா ராத்தா
30 அக்டோபர்

அண்ணே,

எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குப் பட்டியல் பூட்டியதும் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

நேற்றுப் பொறியாளர்களோடு வந்து இறங்கியபோது உங்களை ஆபீஸ் வாசலில் பார்த்தேன். துரை பக்கத்தில் நின்றதால் பேசவில்லை. நீங்கள் இளைத்துவிட்டீர்கள். அவர்கள் அளந்துவிட்டு என்னிடம் சொன்னது இதுதான்: ஆபத்து உண்டு, என்றைக்கு என்று சொல்ல முடியாது, நாளையும் இருக்கலாம், பத்து வருடமும் ஆகலாம். நான்கு வீட்டிலும் குடியிருக்க உடனே தடை. பத்தொன்பது பேரையும் தமிழ்ப் பள்ளி மண்டபத்தில் இறக்கிவிட்டுத்தான் ஆறு மணிக்கு நான் திரும்பினேன். நாளைக்குத் தீபாவளி, அவர்களுக்கு அடுப்புகூட இல்லை.

என் பக்கத்துச் செய்தி. உங்கள் எண்ணில் நான் பதிந்த நாற்பத்து மூன்று பேரையும் உறுப்பினர் கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன், கையெழுத்தான புகார்கள் அப்படியே நிற்கின்றன. வேண்டுமென்றால் தங்கள் பெயரில் அவர்களே வந்து சேரட்டும். நானூற்று அறுபத்தெட்டு இருந்தது, நானூற்று இருபத்தைந்து ஆகிவிட்டது. விழாவைத் தள்ளிவைத்துவிட்டார்கள். எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். பாரத்தில் ஃபோன் எண் கட்டாயம் என்று இருந்ததையும் நீக்கிவிட்டேன். பத்து நிமிட வேலை. இரண்டு வருடமாக அதைச் செய்யத் தோன்றவில்லை எனக்கு.

என் வாடகை வீட்டில் முன்னறை காலியாகத்தான் இருக்கிறது. யுவனேஸ்வரி இங்கிருந்தே படிக்கலாம். தயவுசெய்து மறுக்காதீர்கள்.

உமா

*

கம்போங் ராஜா
1 டிசம்பர்

உமா,

ஃபோன் கைக்கு வந்துவிட்டது. ஆனாலும் இதை ஃபோனில் சொல்ல எனக்கு வராது.

நேற்று மதியம் சாவியைக் கொடுத்துவிட்டோம். ஹரிதாஸ்தான் சாமானை ஏற்றி வந்தான். இங்கே ஒரு காய்கறித் தோட்டத்தில் எடை எழுதுகிற வேலை, கடைக்கு மேலே இரண்டு அறை. யுவனேஸ்வரி பரீட்சை முடியும்வரை உன்னோடு இருக்கட்டும், நீ கேட்டதை மறுக்கவில்லை. அவளைக் காலையில் எழுப்ப வேண்டும், தானாக எழ மாட்டாள். வடிவம்மாளுக்குக் கிளினிக்கிலிருந்து நேற்று எனக்குத்தான் அழைப்பு. புதன்கிழமை கண் பார்க்க வேண்டுமாம். ஹரிதாஸிடம் சொல்லியனுப்பினேன்.

நான்கு குடும்பமும் இப்போது கீழ் லயத்துக் காலி வீடுகளில் இருக்கின்றன. கூரை ஒழுகுகிறதாம், தண்ணீருக்கு இறங்கி ஏற வேண்டியிருக்கிறதாம். சாவி கொடுக்கப் போனபோது பத்தாம் வீட்டுக்காரன் என் காதுபடவே சொன்னான். "கிராணி பண்ண வேலையால தீபாவளிக்கு ஒரு முறுக்குச் சுட முடியல. மல அப்படியேதான நிக்கிது?" நிற்கிறதுதான். நவம்பர் முழுக்க மழை பெய்தும் ஒரு கைப்பிடி மண் சரியவில்லை. துரை அதைக் காட்டிக் காட்டிச் சிரிக்கிறாராம். ஒரு கல் விழாத மலைக்குப் பயந்து வீட்டை விட்டவன் என்று எனக்குப் பெயர்.

நேற்று வரைக்கும் எனக்கும் ஒரு கெட்ட ஆசை இருந்தது, ஒரு வீட்டுச் சுவராவது இடியாதா, நான் சொன்னது உண்மை என்று இவர்களுக்குத் தெரியாதா என்று. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? பிறகு அந்தப் பத்தாம் வீட்டுக்காரன் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைத் திட்டியதை நினைத்தேன். பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

அந்த மலை விழவே வேண்டாம், உமா. நான் சாகும்வரை பயந்தாங்கொள்ளியாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

அண்ணன்